மாடலில் இல்லாத துடிப்பு

ஜூன் 2, திங்கள்

அலுவலகத்தில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். பெயர் ஷைனி, ஊர் மார்த்தாண்டம் பக்கம். என் மேசைக்கு அடுத்த மேசை அவளுக்கு. இரண்டு வருடங்களாக என் புத்தகங்களும் சாப்பாட்டுப் பையும் இருந்த மேசை அது. யாரும் சொல்வதற்கு முன்பே எடுத்துவிட்டேன்.

கிருபாகரன் சார் அவளை உட்கார வைத்து விளக்கினார். இரண்டு வருடம் முன்பு எனக்குச் சொன்ன அதே சொற்கள்.

“மில்லுல செவுத்துக்குள்ள போற கேபிள் எங்கியோ அறுந்து போச்சுன்னு வெச்சுக்குங்க. எங்கேன்னு பாக்க செவுத்தப் பூரா ஒடைக்க முடியுங்களா? ஒரு முனையில சின்னதா ஒரு பல்ஸ் விடறோம். அறுந்த எடத்துல முட்டித் திரும்பி வருது. வர்ற நேரத்த வெச்சு தூரத்தக் கண்டுபிடிச்சரலாம். பல்ஸ் எத்தன செங்குத்தா எந்திரிக்குதோ, அத்தன துல்லியமா எடத்தச் சொல்லலாம்.”

அவள் வாயைப் பிளந்து கேட்டாள். எனக்கு அப்போது அப்படிக் கேட்கத் தெரியவில்லை, எல்லாம் தெரியும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்: “புதுக் கருவிக்கு பல்ஸ் சர்க்யூட்ட பூங்கோதை ஒண்ணு பண்ணட்டும், நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஆடிக்குள்ள ஒண்ண முடிவு பண்ணிக்கலாம். யாரோடது போகுதோ அவங்கதான் இந்தக் கருவிக்குப் பொறுப்பு.”

அந்தப் பொறுப்பைப் பொங்கலுக்கு முன்பே எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதே சொற்களில் சொல்லவில்லை. ஆனால் சொன்னார்.

ஜூன் 4, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஷைனி என்னை அக்கா என்கிறாள். எங்களுக்குள் வயதில் ஐந்து மாதம்தான் வித்தியாசம்.

ஜூன் 12, வியாழன்

பத்து நாட்களாக டிரான்சிஸ்டர்களோடு இருக்கிறேன். வேகமானவை எல்லாம் நோஞ்சான்கள், பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் தாங்குவதில்லை. நமக்கோ பல்ஸ், அந்தத் துடிப்பு, கேபிளின் கடைசிவரை போய்த் திரும்ப நாற்பது வோல்ட்டாவது வேண்டும். நாற்பதைத் தாங்குபவை மந்தமானவை. வேகமும் பலமும் ஒன்றில் சேர்ந்து கிடைப்பதில்லை. டேட்டா ஷீட்டுகளைப் படிப்பது எனக்குப் பிடிக்கும். யாரையும் மகிழ்விக்க எழுதப்படாத பக்கங்கள் அவை.

ஒவ்வொன்றின் மாடலையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து சிமுலேஷனில் போட்டுப் பார்க்கிறேன். மாடல் என்பது ஒரு சின்னக் கோப்பு, அந்த டிரான்சிஸ்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று எண்களில் எழுதியது. கணினி அதை மட்டுமே நம்பும். இன்று ஒன்று தேறியது. அலை எழும்ப நான்கு நானோசெகண்ட். சுவரில் அது ஒரு முழம். ஒரு முழத்துக்குள் அறுந்த இடத்தைக் காட்டிவிடலாம். மோசமில்லை.

சாரிடம் காட்டினேன். “பரவால்லீங்க அம்மணி” என்றார். இங்கே அவர் அப்படி அழைப்பது என்னை மட்டும்தான்.

ஜூன் 13, வெள்ளி

ஷைனி எதையும் சிமுலேட் செய்வதில்லை. ஒரு பை நிறைய பழைய வகை ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்களை வாங்கி வந்து, ஒவ்வொன்றாகப் பலகையில் செருகி, வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகிறாள்.

“என்ன பண்றே? நாப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு டேட்டா ஷீட்ல போட்டிருக்கே” என்றேன்.

“போட்டிருக்கு அக்கா. அதுக்கு மேலதான் இது வேல செய்யும்.”

“செத்துப் போகும்.”

“பின்னால இருக்கிய கெப்பாசிட்டரு சின்னது. கொட்டுகதுக்கு கரண்டு கொஞ்சந்தான் உண்டு. சாவாது.”

மீட்டர் எண்பதைத் தாண்டியபோது, அலையை வரைந்து காட்டும் ஸ்கோப்பின் திரையில் ஓர் ஊசி எழுந்தது. தாங்கும் எல்லையை மீறி அழுத்தினால், ஒரு கட்டத்தில் டிரான்சிஸ்டர் மொத்தமாக இடம் கொடுத்துவிடுகிறது. அணை உடைவதுபோல் மின்சாரம் பாய்கிறது. அந்த வேகத்தை எந்த ஒழுங்கான சுற்றாலும் எட்ட முடியாது. இது எனக்குப் படித்துத் தெரியும். செய்து பார்க்கத் தோன்றியதில்லை.

எல்லா டிரான்சிஸ்டரும் வழிக்கு வருவதில்லை. வருபவற்றை முட்டைத் தட்டில் ஒரு பக்கமும் வராதவற்றை மறுபக்கமும் வைக்கிறாள். நன்றாக உடைகிற ஒன்று கிடைத்தால் “கொள்ளாம்” என்று அதன் தலையில் விரலால் தட்டுகிறாள்.

எனக்குத் தலைவலி என்று சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

பொறாமையைப் பற்றி எத்தனையோ நாவல்களில் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கணவன், மனைவி, காதலன், அரசன் ஆகியோர்தான் பொறாமைப்படுகிறார்கள். பக்கத்து மேசையில் இருப்பவள் டீ குடிப்பதைப் பார்த்துப் பொறாமைப்படும் ஒருத்தியைப் பற்றி யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. எழுத அதில் என்ன இருக்கிறது.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. சும்மா தோன்றியது.

இன்று சார் வாசலில் நின்று, “அம்மணி, ஒரு நிமிசம் வாங்க” என்றார். எழுந்து நின்றேன். அவர் கூப்பிட்டது அவளை.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஹாஸ்டல் சோறு உண்ணுட்டு அந்தப் புள்ள என்ன பாடு படுதோ, ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாயேன்.” கூட்டிவந்தேன். அரிசிம்பருப்பு சாதம், கத்தரிக்காய், அப்பளம்.

ஷைனி விருந்தாளிபோல் தயங்கி ஓரமாக உட்கார்ந்தாள். “ஒறம்பரையாட்டம் உக்காராதே சாமி, நல்லா கால நீட்டி உக்காரு” என்றாள் அம்மா. சாமி என்று அம்மா என்னைக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு தடவை.

“இதுல கொஞ்சம் மீன் இருந்தா இன்னும் கொள்ளாம் அம்மா” என்றாள் அவள். என் வீட்டில், என் அம்மாவிடம். அம்மா கோபிக்கவில்லை. சிரித்தாள். அம்மா அப்படி வயிற்றைப் பிடித்துச் சிரிப்பதைப் பார்த்தபோது நானும் சிரித்தேன்.

“மரச்சீனியும் மீனும் நான் வச்சுத் தாரேன். அக்கா தின்னுமா?” மரச்சீனி என்றால் அவள் ஊரில் மரவள்ளிக்கிழங்கு.

“அவளா? அவ புஸ்தகத்தத்தான் திம்பா” என்றாள் அம்மா.

பாத்திரங்களை நானே கழுவினேன். கூடத்தில் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். போகும்போது வாசலில் அவள் என் கையைப் பிடித்து, “உங்களப் போல சிமுலேஷன் பண்ண எனக்குச் சொல்லித் தருவீங்களா அக்கா? எனக்கு அது வரமாட்டேங்குது” என்றாள்.

ஆகட்டும் என்றேன். கை சூடாக இருந்தது, அவள் கை.

ஜூன் 30, திங்கள்

இரண்டு சுற்றுகளையும் சார் ஸ்கோப்பில் பார்த்தார். எங்கள் ஸ்கோப் பழையது. மூன்றரை நானோசெகண்டை விட வேகமான எதையும் அதனால் வேகமாகக் காட்ட முடியாது. எவ்வளவு செங்குத்தான துடிப்பானாலும் தன் சொந்தச் சாய்வில்தான் வரையும். தன் சாய்வையும் சேர்த்து என்னுடையதை ஐந்து என்று காட்டியது, அவளுடையதை மூன்றரை.

“கிட்டத்தட்ட ஒண்ணாத்தானுங்க தெரியுது” என்றார் சார். “ஸ்கோப்ப நம்பி ஒண்ணுஞ் சொல்ல முடியாது. பூங்கோதை, ரெண்டு சர்க்யூட்டையும் நீங்களே சிமுலேஷன்ல போட்டு ஒரு ரிப்போர்ட் குடுத்திருங்க. அத வெச்சு முடிவு பண்ணிக்கலாம்.”

“அக்கா பாத்தா சரியா இருக்கும்” என்றாள் ஷைனி.

ஜூலை 8, செவ்வாய்

ஷைனியின் சுற்றை வரைந்து, அவள் பயன்படுத்தும் டிரான்சிஸ்டருக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் மாடலைச் சேர்த்து, ஓட்டினேன்.

நேர்கோடு. துடிப்பே இல்லை. வோல்ட்டேஜை நூறு, நூற்றைம்பது என்று ஏற்றினேன். நேர்கோடு.

காரணம் உடனே தெரிந்துவிட்டது. தாங்கும் எல்லைக்குள் இயக்குவதற்காகத்தான் அந்த மாடலை எழுதியிருக்கிறார்கள். எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கான எண்களே அதில் இல்லை. அந்த மாடலில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு உடையத் தெரியாது.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: “தயாரிப்பாளர் வழங்கிய மாடலைக் கொண்டு செய்த சிமுலேஷனில் இரண்டாம் சுற்றில் துடிப்பு எழவில்லை.” திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை.

ஜூலை 9, புதன்

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே படித்தார்.

“மேசையில ஓடுது, கம்ப்யூட்டர்ல ஓடல. ஏனுங்க ஷைனி?”

“எனக்குத் தெரியல சார்.”

“ஏன் ஓடுதுன்னே தெரியாத ஒண்ண நான் மில்லுக்காரங்க கையில எப்படிக் குடுக்கறது? நாளைக்கு நின்னு போச்சுன்னா என்ன பதில் சொல்லுவீங்க?” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களா?”

“பார்க்கணும் சார்” என்றேன். அதுவும் பொய்யில்லை.

மதியம் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம். “அந்த மாடல்ல ஏதோ இல்லன்னு தோணுது அக்கா. உடையக்கூடிய மாதிரி ஒண்ணு எழுத முடியுமா? உங்களால முடியும்னு எனக்குத் தோணுது.”

“நேரம் கிடைச்சா பாக்கறேன்.”

“மெதுவாப் பாருங்க. அவசரமில்ல.” ஆனால் அவசரம்தான். இரண்டு வாரத்தில் முடிவு.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். மதியம் மின்சாரம் இல்லை. லேப்டாப்பில் பாட்டரி இருந்த வரைக்கும் அந்த மாடலை எழுதினேன்.

மின்னழுத்தம் ஏற ஏற, உள்ளே ஓர் எலெக்ட்ரான் மோதி இரண்டாகி, இரண்டு நான்காகி, மின்னோட்டம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதை ஒரு சமன்பாடாக எழுதி, பழைய மாடலின் மேல் போர்த்தினேன். அவளுடைய முட்டைத் தட்டு டிரான்சிஸ்டர்கள் எந்த வோல்ட்டேஜில் உடைகின்றன என்பது எனக்கு நினைவிருந்தது. தினமும் ஓரக்கண்ணால் பார்த்தது வீண்போகவில்லை.

ஓட்டியதும் எழுந்தது. நேர்க்குத்தாக. நானோசெகண்டில் மூன்றில் ஒரு பங்கு. சுவரில் அது இரண்டு விரற்கடை. என்னுடையது ஒரு முழம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே நேர்த்தியானது இதுதான் என்று நினைக்கிறேன். அது அவளுடைய சுற்றுக்காக எழுதியது.

இன்னும் சில இடங்களைச் சரிபார்க்க வேண்டும். முழுமையாகாத ஒன்றைக் கொடுத்து அவளைக் குழப்பக் கூடாது.

ஜூலை 17, வியாழன்

ஷைனி தானே ஒரு மாடல் எழுத முயல்கிறாள். இணையத்தில் எதையோ பார்த்து, ஒரு மின்னோட்ட மூலத்தைத் தலைகீழாகச் சேர்த்திருக்கிறாள். அதன் முனைகளை மாற்றினால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிடுவாள். அவள் திரையைத் தாண்டித்தான் குடிநீர் எடுக்கப் போக வேண்டும். நான்கு முறை போனேன்.

“என்னவோ தப்பு அக்கா. எங்கன்னு தெரியல.”

“இப்படித்தான் இருக்கும், பழகப் பழக வரும்” என்றேன்.

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. மரச்சீனி கொண்டுவந்திருந்தாள், எனக்கென்று தனி டப்பாவில். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

சரிபார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது. அவள் இன்று கேட்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

என் சுற்றுதான்.

சார் ஸ்வீட் வாங்கி வரச் சொன்னார். ஷைனி ஒரு துண்டு எடுத்து என் வாயில் வைத்தாள். “அக்காவோடது எப்படி ஓடுதுன்னு அக்காவால சொல்ல முடியும். என்னுதுக்கு என்னால சொல்ல முடியல. சார் முடிவு சரிதான்.” அவள் முகத்தில் எதையாவது கண்டுபிடித்துவிட முடியுமா என்று பார்த்தேன். எனக்கு வேண்டியது அங்கே இல்லை. வருத்தம் இருந்தது, ஆனால் அது என்மேல் இல்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “அப்ப அந்தப் புள்ளைக்கு?”

ஆகஸ்ட் 6, புதன்

பல்லடம் ரோட்டில் ஒரு நூற்பாலை. அங்கேதான் முதல் சோதனை. கட்டுப்பாட்டு அறையின் சுவருக்குள் ஒரு சிக்னல் கேபிள் அறுந்திருந்தது. சுவர் முழுக்கப் புதிதாகப் பதித்த கிரானைட்.

என் கருவி இடத்தைக் காட்டியது. பென்சிலால் குறித்தேன். எலெக்ட்ரீஷியன் ஒருவர் உடைத்தார். கேபிள் முழுசாக இருந்தது. இடப்பக்கம் உடைத்தார். முழுசாக இருந்தது. வலப்பக்கம் உடைக்கப்போனபோது மேனேஜர் வந்து நின்றார்.

“ஏனுங் மேடம்,” என்றார் எலெக்ட்ரீஷியன், “செவுத்த ஒடைக்கறதுக்கு கருவி எதுக்குங்க? சம்மட்டி எங்ககிட்டயே இருக்குதுங்களே.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு முழம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஒரு முழம் என்பது எவ்வளவு கிரானைட் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

சார் வெளியே போய் போன் பேசினார். சாப்பாட்டு நேரம் தாண்டி ஷைனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அவளுடைய பலகையைக் கொண்டுவந்திருந்தாள். என் கருவியின் பல்ஸ் பகுதியைக் கழற்றிவிட்டு அதைச் செருகினாள். “அக்கா, இதக் கொஞ்சம் புடிங்க” என்றாள். பிடித்துக்கொண்டேன். வலப்பக்கத்துக்கும் அப்பால், அலமாரிக்குப் பின்னால், ஒரு சின்னக் கோடு போட்டாள். அலமாரிக்கு அடித்த ஆணி ஒன்று கேபிளைத் துளைத்துக்கொண்டு அங்கே நின்றது. கோட்டுக்கும் ஆணிக்கும் இடையே ஒரு விரல்கூட இல்லை.

மேனேஜர் போன பிறகு சார் மெதுவாகக் கேட்டார். “இது இத்தன நல்லா ஓடுதே. சிமுலேஷன்ல மட்டும் ஏன் வரல?”

நான் பேசுவதற்குள் ஷைனி முந்திக்கொண்டாள். “அது அக்காவுக்கும் தெரிஞ்சிருக்காது சார். கொஞ்சம் கஷ்டமான விஷயம் அது. மாடல்லயே இல்லன்னு இப்பந்தான் எனக்கே உறுதியாப் புடிபட்டுது. அக்காமேல தப்பு இல்ல.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நான் தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் அந்தச் சொல் மட்டும் காதில் நின்றது. தெரிஞ்சிருக்காது. அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை என்று அந்த அறையில் இருந்த இரண்டு பேர் நம்புகிறார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றேன். “ரிப்போர்ட் எழுதின அன்னிக்கே தெரியும். உடையற மாடல் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். ஜூலை நடுவுலயே முடிச்சிட்டேன்.”

உண்மையைச் சொன்னவளுக்கு மனம் லேசாகும் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். நான் சொன்னது அதற்காக இல்லை.

ஷைனி டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“வேல தெரியாதவங்கள நான் பாத்திருக்கேன். தெரிஞ்சத மறைச்சவங்களையும் பாத்திருக்கேன். நீங்க ரெண்டாவது ஆளுன்னு நெனைக்கல.”

மேசைமேல் இருந்த என் ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

“கருவி ஷைனி பொறுப்புல போகுது. உங்கள வேலைய விட்டு அனுப்பறதா இல்ல. நீங்க எழுதுனத அந்தப் புள்ளைக்குக் குடுத்து, எப்படி ஓடுதுன்னு சொல்லிக் குடுங்க. அது இல்லாம நான் யாருக்கும் விக்க முடியாது.” அம்மணி என்று அவர் சொல்லவில்லை. பூங்கோதை என்றும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. தலைவலி என்றேன். ரசம் வைத்துத் தந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஷைனி என்னோடு பேசுவதில்லை. டீ குடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நேற்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள், என் மேசையைத் தாண்டும்போது, குரலை உயர்த்தாமல்: “அந்த மூலம் தலைகீழா இருந்தத நீங்க பாத்தீங்க.” அது கேள்வி இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று அவளே வந்தாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே “காட்டுங்க” என்றாள்.

மாடலை ஓட்டினேன். துடிப்பு எழுந்தது. அவள் குனிந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டாள். கோப்பைத் திறக்கச் சொல்லி, மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தாள். மீண்டும் மேலே போனாள். கோபமாக வந்தவள் அதை மறந்துபோனது தெரிந்தது. அவள் உதடுகள் சமன்பாட்டோடு சேர்ந்து அசைந்தன.

“இதெல்லாம் ஒரே நாள்லயா எழுதினீங்க?”

“ஒரு மதியம்.”

“நான் ரெண்டு வாரம் உக்காந்தேன்.” மறுபடி திரையைப் பார்த்தாள். “இப்படி எனக்குத் தோணவே இல்ல. ஒருக்காலும் தோணியிருக்காது.”

சொல்லிவிட்டு என் கைகளைப் பார்த்தாள், விசைப்பலகையின் மேல் இருந்த கைகளை. அந்தப் பார்வையில் கொஞ்சம் கசப்பு இருந்தது. ஒரு வாரமாக நான் கண்ட கோபம் அது இல்லை. இந்தக் கசப்பு உள்ளே எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்தே தெரியும். கருவி அவளுடையது, சாருடைய நம்பிக்கை அவளுடையது, என் அம்மாவின் சிரிப்புகூட அவளுடையதுதான். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு வேண்டியிருந்த ஒன்று என்னிடம் இருந்தது.

இரண்டு மாதங்களில் முதல் முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது.

வரி வரியாக விளக்கினேன். பொறுமையாகச் சொன்னேன், அவள் கேட்ட இடங்களில் நிறுத்தி, வரைந்தும் காட்டினேன். நல்லபடி சொல்லிக் கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். நடுவில் இருக்கும் ஒரே ஒரு வரியை மட்டும், முழுத் துடிப்பும் அதன்மேல்தான் நிற்கிறது, வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன். அவள் கவனிக்கவில்லை.

கேட்டால் சொல்வேன்.